எட்டு வேளைச் சோறு

"ஏங் கண்ணு, டில்லிக்கு எத்தன வேளச் சோறு கட்டோணும்?"

ஆத்தா இப்படித்தான் கேட்டாள். எத்தனை மைல் என்று அவள் கேட்கவில்லை. 1985ஆம் வருஷம், ஐப்பசி அடைமழை விட்டும் விடாமலும் இருந்த நாள். எங்கள் பவுண்டரியில் செய்த மோட்டார் பம்புகளை டில்லி பிரகதி மைதானத்தில், நவம்பர் 14ஆம் தேதி தொடங்கும் வர்த்தகக் கண்காட்சியில் வைப்பதற்காக மாமா புறப்பட்டார். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று இருபத்திரண்டு வயதான என்னையும் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். அப்பாவைப் பெற்ற ஆத்தா அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தூக்குப் போசியில் நெய்யோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த தூரமெல்லாம் சோற்றுக் கணக்குத்தான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு வண்டி கட்டினால் நாலு வேளைச் சோறு. பழனிக்கு நடந்தால் ஆறு வேளை. அவினாசித் தேருக்கு ஒரே வேளை, அதுவும் தேர் பார்த்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து பிரிப்பதற்கு. நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கு ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஒன்று, நாளைக்கு மெட்ராஸில் காலையும் மதியமும், சாயங்காலம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிய பின் ராத்திரி ஒன்று, மறுநாள் முழுக்க ரயிலிலேயே மூன்று, அதற்கடுத்த நாள் டில்லியில் இறங்குமுன் காலையில் ஒன்று.

"எட்டு வேளைக்குங்க ஆத்தா."

"எட்டா!" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவள் கட்டிய சோறு அதுவரை போகாத தூரம் அது.

அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு அணையவில்லை. முதல் வேளைக்கு இட்லி. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கியது. இரண்டாம் மூன்றாம் வேளைக்குப் புளிசோறு, உதிரியாக வடித்து ஆறவைத்து, நிலக்கடலை வறுத்துப் போட்டது. அதற்கப்புறம் சோறு தாங்காது என்பதால் கச்சாயமும் தட்டுவடையும் கடலை உருண்டையும், தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் போதுமென்று வெல்லம் கலந்த அவலும். எந்தப் பொட்டலத்தை எப்போது பிரிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடந்தது. சிவப்பு நூல் கட்டியது மெட்ராஸில், மஞ்சள் நூல் கட்டியது ரயிலில். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோவையிலிருந்து டில்லிக்கு முதன்முதலாக நான் பார்த்த வழிகாட்டி வரைபடம் அந்த நூல்கண்டுதான்.

ராத்திரி கோவை ஜங்ஷனில் எங்களை வழியனுப்பப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் அத்தை, கூஜாவில் தண்ணீர் பிடித்துவர ஓடும் சித்தப்பா, வண்டி நகரும்போது கூடவே நாலடி நடந்து, பிறகு நின்று, கையை இறக்க மறந்து நிற்கும் அம்மா. ஹோல்டாலை விரித்து மேல் படுக்கையில் படுத்தவன், ஈரோடு தாண்டும்வரை தூங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மெட்ராஸ் சென்ட்ரலில் ஜி.டி. ஏறினோம். கிராண்ட் டிரங்க் என்னும் அந்தப் பெரிய பெயர் எனக்கு அப்போது வெறும் இரண்டு எழுத்து. அந்த ரயிலுக்கும் கொங்குச் சீமைக்கும் பழைய உறவு உண்டு என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். 1929இல் அது முதலில் ஓடியது பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே. பிறகு கொஞ்ச காலம் லாகூருக்கும் நம்முடைய மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஓடி, அதற்கப்புறம்தான் டில்லி–மெட்ராஸ் என்று நிலைத்தது. நீலகிரி மலையடிவாரத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு ஸ்டேஷனில் லாகூர் வண்டி வந்து நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும். இன்றைக்கு லாகூருக்குப் போக நமக்கு ரயிலும் இல்லை, கட்டுச்சோறு எத்தனை வேளைக்கு என்று எண்ணிப் பார்க்க வழியும் இல்லை.

அந்த ஒன்றரை நாளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. நடு ராத்திரியில் திடீரென்று சக்கரத்தின் சத்தம் மாறும், தூக்கம் கலையும். கீழே கிருஷ்ணா என்று மாமா இருட்டில் சொல்வார். எழுந்து ஜன்னல் வழியாக ஒரு நாலணாவைப் போட்டுவிட்டு அது விழுந்த சத்தம் கேட்டதாகவே நினைத்துக்கொண்டு மறுபடி படுப்பேன். விடிந்தால் வாரங்கல் பக்கத்துப் பாறைகள், காஜிப்பேட்டையில் தெலுங்கு கலந்த காபிக் குரல், பிறகு பகல் வெளிச்சத்தில் கோதாவரி. பல்லார்ஷா வந்ததும் எழுத்து மாறும். அதுவரை வட்டம் வட்டமாக இருந்த ஸ்டேஷன் பலகைகள், தலையில் கோடு போட்ட எழுத்துக்குப் போய்விடும். காபி என்ற சொல் எந்த ஸ்டேஷனில் கடைசியாகக் கேட்டது, சாய் என்ற சொல் எங்கே முதலில் கேட்டது என்று நான் ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தேன். நாகபுரியில் கூடை கூடையாக ஆரஞ்சு. அந்தி சாய்ந்த பிறகு இட்டார்சியில் பூரியும் உருளைக்கிழங்கும் கொதிக்கக் கொதிக்க, மண் குவளையில் டீ. குடித்து முடித்த குவளையைத் தண்டவாளத்தில் போட்டு உடைக்க மனசு வராமல் ஒன்றைத் துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தேன். ரொம்ப நாள் அது எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் விபூதி வைக்கும் கிண்ணமாக இருந்தது.

எதிர் இருக்கையில் ஜலந்தருக்குப் போகும் பட்டாளத்துக்காரர் ஒருவர், மனைவியும் இரண்டு குழந்தைகளும். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. மஞ்சள் நூல் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கச்சாயத்தை நீட்டினேன். அந்த அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தின்றார். கொஞ்ச நேரத்தில் எங்கள் மடியில் ரொட்டியும் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. அவர்கள் ஊரில் எங்கள் ஊர் பம்பு ஓடுகிறது என்பதை, தண்ணீர் கொட்டுவது போலக் கையால் காட்டி, "கோயம்புத்தூர், கோயம்புத்தூர்" என்று அந்தப் பட்டாளத்துக்காரர் சொன்னபோது மாமாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கண்காட்சியின் பதினாலு நாளிலும் நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை, மதுரா தாண்டிய பனிக்குள் எட்டாவது வேளையைப் பிரித்தோம். அவலைப் பிசையத் தொட்ட தண்ணீர் விரலைக் கடித்தது. ஏறக்குறைய அறுபது மணி நேரம், ஏறக்குறைய 2,700 கி.மீ. கோவையிலிருந்து கிழக்கே போய், கடற்கரையைத் தொட்டு, அங்கிருந்து வடக்கே திரும்பிய பயணம். மெட்ராஸ் வழியாகப் போனதாலோ என்னவோ, டில்லி என்பது மெட்ராஸுக்கு மேலே, வடகிழக்கில் எங்கேயோ இருக்கும் ஊர் என்றுதான் வெகு காலம் என் மனசில் பதிந்திருந்தது.

அதைத் திருத்தியவள் என் மகள். டில்லிக்குப் பக்கத்துக் குருகிராமில் வேலை பார்க்கிறாள். சில வருஷங்களுக்கு முன் அவளோடு கோவையிலிருந்து விமானத்தில் போனபோது, ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஒரு நீலப் புள்ளி வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வலமும் சாயவில்லை, இடமும் சாயவில்லை. "நம்ம ஊரும் டில்லியும் ஒரே கோட்டுல இருக்குதுங்கப்பா, பாருங்க" என்றாள். உண்மைதான். கோவை விமான நிலையமும் டில்லி விமான நிலையமும் கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இருக்கின்றன. இடைவெளி சுமார் 1,950 கி.மீ., பறக்கும் நேரம் ஏறக்குறைய மூன்று மணி. ஒரே கோட்டில் இருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவதும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில்தான். அன்னூர்த் தோட்டத்தில் ஆத்தாவின் நிழல் உச்சிவேளையில் சுருங்கிய நேரத்தில், பிரகதி மைதானத்தில் என் நிழலும் இருப்பதிலேயே குட்டையாக இருந்திருக்கிறது. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் ஊருக்கு எழுதிய கார்டில் முதல் வரியாக எழுதியிருப்பேன்.

அந்தக் கோடு மகாராஷ்டிரத்தில் அகோலாவின் மேலே போகிறது. கீழே பருத்தி விளையும் கரிசல் நிலம், நம் கோவைச் சீமையை மில் ஊராக்கியதும் அதே கரிசலும் பருத்தியும்தான். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திலிருந்து அது பழுப்புக் கம்பளிபோலத் தெரிந்தது. பருத்தி பூத்திருந்ததா, காய் வெடித்திருந்ததா, ஆள் யாராவது நின்று அண்ணாந்து பார்த்தார்களா, தெரியவில்லை. கோதாவரியையும் நர்மதையையும் தாண்டியிருப்போம், ஆனால் சக்கரச் சத்தம் மாறி எழுப்புவதற்கு அங்கே பாலம் இல்லை. காபி எங்கே சாயாக மாறியது என்று குறிக்க ஒரு ஸ்டேஷனும் இல்லை. நடு இருக்கைக்காரர் காதில் இயர்போனோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு நீட்டக் கச்சாயம் இருந்தது, எழுப்ப மனசு வரவில்லை.

இந்தத் தூரத்தைத் தரையிலேயே அளந்தவர்களும் உண்டு. வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802இல் பரங்கிமலைப் பக்கம் எஃகுச் சங்கிலியைத் தரையில் போட்டு ஓர் அடிக்கோடு அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தேசத்தையே அளக்கப் புறப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் கோவைச் சீமையிலும் அவருடைய சங்கிலி விழுந்தது. தெற்கிலிருந்து வடக்காக, 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டி, அதாவது நம் விமானம் போகும் தடத்துக்குச் சற்றுக் கிழக்கே, அந்த அளவை ஊர்ந்தது. 1823இல் வார்தாவுக்குப் பக்கத்து ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்துபோனார். வேலையை அவருடைய உதவியாளர் எவரெஸ்ட் தொடர்ந்து டேராடூன் பக்கம் முடித்தபோது 1841 ஆகிவிட்டது. ஒரு மனித ஆயுள் பாதி வழியிலேயே தீர்ந்துபோன தூரத்தை என் ஆத்தா எட்டுப் பொட்டலத்தில் கட்டினாள். என் மகள் அதை ஒரு சினிமா பார்க்கும் நேரத்தில் கடக்கிறாள்.

இதைச் சொல்லும்போது பழசுதான் உசத்தி என்று நான் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் பெரியப்பா மகன் டில்லியில் மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தார். 1989 ஆடியில் ஒரு விடியற்காலை பெரியப்பா போய்விட்டார். தந்தி கொடுத்தோம், அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு டிரங்க் கால் போட்டோம். அண்ணன் கிடைத்த வண்டியில் ஏறி நின்றுகொண்டே புறப்பட்டார். ஆடி வெக்கையில் எத்தனை நேரம்தான் காத்திருப்பது? ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி மறுநாள் எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் காலை அண்ணன் வாசலில் வந்து நின்றபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா படுத்திருந்த கயிற்றுக் கட்டிலின் பள்ளத்தை அவர் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்று நாள் ரயிலில் யாரிடமும் சொல்லாமல் சுமந்து வந்த அழுகை அது. ஜன்னலோரம், ஆறு பாலம், ஆரஞ்சுக் கூடை எல்லாம் அன்றைக்கு அவருக்கு என்னவாக இருந்திருக்கும்!

முப்பது வருஷம் கழித்துப் பெரியம்மா போனபோது விடியற்காலை நாலு மணி. அண்ணனும் அவர் பிள்ளைகளும் காலை விமானம் பிடித்து மதியத்துக்குள் வீட்டில் இருந்தார்கள். முகம் பார்த்தார்கள், கால் தொட்டுக் கும்பிட்டார்கள், அண்ணன் தன் கையால் வாய்க்கரிசி போட்டார். விமானத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு அன்றைக்கு நான் மனசாரக் கைகூப்பினேன். அந்த ஒரு மதியத்துக்காகவே பீளமேட்டு ஓடுபாதை இருக்க வேண்டும்.

அந்தப் பீளமேடு எங்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடமாகத்தான் இருந்தது. 1940இல் திறந்த விமான நிலையம். எங்கள் சிறு வயதில் கம்பி வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, விசிறி சுற்றும் சின்ன விமானம் இறங்குவதைப் பார்க்கப் போவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெட் விமானம் இறங்க வசதியாக ஓடுபாதையை நீட்டுவதற்காக மூடினார்கள். விமானமெல்லாம் சூலூருக்குப் போய்விட்டது. 1987இல் மறுபடி திறந்தார்கள். 2012இல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியும் வந்தது. இப்போது அங்கே போக உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கி.மீ. நீளத்துக்கு மேம்பாலம், அதற்கு ஜி.டி. நாயுடு பெயர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவரின் பெயரால் அமைந்த பாலத்தில் ஏறி டில்லிக்குப் போவது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

வழியனுப்பத்தான் இடமில்லை. வாசலில் காவலர் டிக்கெட் பார்த்து உள்ளே விடுகிறார். பதினாலு பேர் வந்தாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். கார் நிறுத்தவே சில நிமிடம்தான் தருகிறார்கள். மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்ப்பாள், நான் கை காட்டுவேன், அதற்குள் பின்னால் வந்த கார் ஒலி எழுப்பும். ரயிலோடு நாலடி நடந்த என் அம்மாவுக்குக் கிடைத்த அந்த நாலடி எங்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது போகிற பயணம் இல்லை, வருகிற பயணம். அண்ணன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. என்னும் அரசு விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு வருவார். மூன்று நாள் பயணப்பட்டு வந்தவர் இருபது நாளாவது தங்குவார். மூன்று நாள் வந்துவிட்டு இரண்டு நாளில் திரும்புகிற பைத்தியம் யார் இருக்கிறார்கள்? அந்த இருபது நாளில் அவர் பிள்ளைகள் எங்கள் பேச்சைப் பேசத் தொடங்கிவிடும். முதல் வாரம் இந்தி கலந்து திணறும்; இரண்டாம் வாரம் "ஏனுங்க", "வாங்கோ" என்று ஆத்தாவிடம் குழையும்; மூன்றாம் வாரம் கிணற்றுத் தொட்டியில் நீந்தப் பழகி, கொள்ளுப் பருப்பு கேட்டு அடம் பிடிக்கும். தூரம் அதிகமாக இருந்ததே அந்தப் பிள்ளைகளுக்கு ஊரைக் கொடுத்தது.

இன்றைக்கு மூன்று மணி நேரத்தில் வருகிற என் மகள் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விமானம் மூன்று மணி நேரம்தான் என்றாலும் குருகிராமில் வீட்டைப் பூட்டியதிலிருந்து இங்கே செருப்பைக் கழற்றுவதுவரை எட்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்தக் களைப்போடு வருகிறவளுக்குத் திங்கட்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு வேலை காத்திருக்கிறது. சீக்கிரம் வர முடியும் என்பதாலேயே சீக்கிரம் திரும்பவும் வேண்டும் என்று உலகம் அவளிடம் கேட்கிறது. என் அண்ணனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் அவருக்காக வாதாடியிருக்கும். அறுபது மணி நேரம் எட்டு மணி நேரமாகச் சுருங்கியதில் ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் மிச்சம், போக வர ஏறக்குறைய நூறு மணி நேரம். அந்த நூறு மணி நேரமும் எங்கள் திண்ணைக்கு வந்து சேரவில்லை. அது அவளுக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆத்தா 1996இல் போய்விட்டாள். கடைசிவரை அவள் விமானம் ஏறவில்லை, ரயிலிலும் ஈரோட்டைத் தாண்டியதில்லை. போன தடவை மகள் கிளம்பும்போது என் மனைவி புளிசோறு கட்டினாள், ஒரே ஒரு பொட்டலம். நூல்கண்டு தேடி எடுத்துச் சிவப்பு நூலால் நான்தான் கட்டினேன். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்து பார்த்த பெண் காவலர், வாழையிலை வாசத்தை முகர்ந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தாராம். பொட்டலத்தைப் பிரித்தது டில்லியில் இறங்கி, வாடகைக் கார் வரும்வரை நின்ற இடத்தில் என்று மகள் போனில் சொன்னாள்.

தை பிறக்கப் போகிறது. டில்லியிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் இந்நேரம் டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பொங்கலுக்கு வந்து மாட்டுப் பொங்கல் சாயங்காலமே ஓடும்படி போடாதீர்கள், கண்ணுகளா. அதற்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி இருக்கிறது. ஆவாரம்பூ பறித்துக்கொண்டு பாட்டோடு பெண்கள் திரும்பி வரும் சாயங்காலத்தையும் பார்த்துவிட்டுப் போகும்படி, திரும்பும் டிக்கெட்டை இன்னும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். சோறு நாங்கள் கட்டித் தருகிறோம்.